ஓடைக்கரை வேலிக்கு அரசாங்கம் ஏன் பங்கு போடுது?

வர்ஜீனியாவுல, ஷெனன்டோவா பள்ளத்தாக்குல நாங்க குடியிருக்கிற வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு வயலைத் தாண்டினா ஒரு சின்ன ஓடை வரும், அதுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவரோட மாட்டுப் பண்ணை. கறிக்கு வளர்க்கிற கறுப்பு மாடுங்க, கன்னுக்குட்டியோட சேத்து ஒரு அறுபது உருப்படி இருக்கும். நாங்க வந்த முதல் கோடையில மத்தியானம் ஆனா அத்தனையும் ஓடைக்குள்ள இறங்கி முட்டியளவு தண்ணியில நின்னுட்டு இருக்கும், குளம்பு பட்டுப் பட்டு ரெண்டு கரையும் இடிஞ்சு சேறாக் கெடக்கும், தண்ணி டீ கலர்ல ஓடும், மழை பெஞ்ச மறுநாள் கிட்ட போனா சாணி வாடை. இப்போ அதே இடத்துல கரையில இருந்து 35 அடி தள்ளி ரெண்டு பக்கமும் வேலி ஓடுது, வேலிக்கு உள்ள இடுப்பளவு புல்லு, புல்லுக்கு நடுவுல பிளாஸ்டிக் குழாய்க்குள்ள வரிசையா மரக்கன்னு, மாடு குடிக்கிறதுக்கு மேட்டு மேல ஒரு தண்ணித் தொட்டி. அந்தத் தொட்டியைப் பார்க்கவே எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூடின தொட்டி, மேல ரெண்டு ஓட்டை, ஓட்டைக்குள்ள பந்து மிதக்குது, மாடு மூக்கால பந்தை அமுக்கிக் குடிச்சிட்டுத் தலையை எடுத்தா பந்து திரும்ப வந்து மூடிக்கும். அடியில மண்ணுக்குள்ள ஆழத்துல இருக்கிற சூடு மேல ஏறி வர்றதால ஜனவரி மாசம் ஊரே உறைஞ்சு கெடந்தாலும் இந்தத் தண்ணி அவ்வளவு சீக்கிரம் உறையாது.

இதுக்கெல்லாம் யார் காசு கொடுத்தாங்கன்னு கேட்டேன். முக்கால்வாசி கவர்மென்ட், மீதி நான்னார். அப்போ முக்கால்வாசி ஓசியான்னு கேட்டதும் அவர் ஒண்ணும் சொல்லல, உள்ள போய் ஒரு தடி ஃபைலைக் கொண்டுவந்து சமையலறை மேசையில வச்சார். அதைப் புரட்டிப் பார்த்த அப்புறம்தான் இந்தத் திட்டம் எப்படி ஓடுதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு மட்டும் தெளிவாச்சு. எல்லாரும் அரசாங்கம் போடுற பங்கைப் பத்தியே பேசுறாங்க, ஆனா இந்தத் திட்டம் நடக்கிறதும் நின்னுபோறதும் விவசாயி போட வேண்டிய அந்த இன்னொரு பங்குலதான் இருக்கு.

முதல்ல ஒரு தனியார் நிலத்துல போடுற வேலிக்கு ஊர்ப் பணம் எதுக்குங்கிற கேள்வி. அந்த ஓடைத் தண்ணி எங்க போகுதுன்னு பார்த்தா பதில் கிடைச்சிடும். எங்க ஓடை ஷெனன்டோவா ஆத்துல சேருது, அது வடக்கு நோக்கி ஓடி ஹார்ப்பர்ஸ் ஃபெரியில பொடோமேக்ல கலக்குது, பொடோமேக்ல இருந்துதான் வாஷிங்டன் நகரமே குடிக்கத் தண்ணி எடுக்குது, அப்புறம் அது செஸபீக் விரிகுடாவுல போய் விழுது. ஆறு மாநிலமும் தலைநகரும் சேர்ந்து 64,000 சதுர மைல் நிலத்துத் தண்ணி அந்த ஒரே விரிகுடாவுக்குப் போகுது. வழியில ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு மாட்டுக் கொட்டகையும் கொஞ்சம் கொஞ்சமா நைட்ரஜன், பாஸ்பரஸ், மண்ணு எல்லாம் சேத்து அனுப்புது, அதைத் தின்னு பாசி பெருகி, பாசி செத்து அழுகுறப்போ தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சிடுது, கோடையில விரிகுடாவோட அடித்தண்ணியில நண்டும் மீனும் மூச்சு விட முடியாத பகுதியே உண்டாகுது. எங்க ஊர்ப் பெரியவரோட மாடு ஓடையில நிக்கிறதால நஷ்டம் அவருக்குக் கொஞ்சம்தான், கரை இடியுது, சேத்துல நின்னு மாட்டுக்குக் குளம்பு அழுகல் வருது, அவ்வளவு. பெரிய நஷ்டம் கீழ இருக்கிறவனுக்கு. வேலி போட்டா லாபமும் அதே மாதிரி, பெரும்பங்கு கீழ இருக்கிறவனுக்குத்தான் போகுது. அப்போ செலவுல அவனும் பங்கு போடணும்ல? அதுதான் காஸ்ட் ஷேர்.

சரி, சட்டம் போட்டு வேலி கட்டுன்னு சொல்லிட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். அங்கதான் அமெரிக்காவோட ஒரு பழைய முடிவு குறுக்க நிக்குது. 1972-ல வந்த சுத்தமான தண்ணீர் சட்டம், குழாய் வழியா ஆத்துல கழிவு விடுற ஃபேக்டரியையும் நகராட்சியையும் பெர்மிட்டுக்குள்ள கொண்டுவந்துச்சு. மழை பெஞ்சு வயல்ல இருந்து வழிஞ்சு ஓடுற தண்ணிக்கு அந்த மாதிரி ஃபெடரல் பெர்மிட் கிடையாது, பாசனம் முடிஞ்சு திரும்பி வர்ற தண்ணியையும் பின்னாடி 1977-ல விலக்கி விட்டாங்க. பெரிய அளவுல மாடு பன்னி கோழி அடைச்சு வளர்க்கிற இடங்களுக்கு மட்டும் விதி இருக்கு. மத்தபடி 2022 கணக்குல 19 லட்சம் பண்ணை, 88 கோடி ஏக்கர், இத்தனையிலும் மண்ணையும் தண்ணியையும் காப்பாத்துறது பெரும்பாலும் விவசாயி மனசு வச்சாத்தான் நடக்கும். கட்டாயப்படுத்த முடியாத இடத்துல கையில காசை நீட்டித்தான் கூப்பிட முடியும்.

இந்தக் காசை நீட்டுற பழக்கம் புழுதிப் புயல் காலத்துல ஆரம்பிச்சது. 1930-கள்ல கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கம் புல்வெளியை எல்லாம் உழுது கோதுமை போட்டு, அப்புறம் தொடர்ந்து மழை பொய்ச்சதும் மேல்மண் அப்படியே காத்துல கிளம்பிடுச்சு. 1935 ஏப்ரல் 14 ஞாயித்துக்கிழமை வந்த புயலுக்குக் கறுப்பு ஞாயிறுன்னே பேர், பட்டப்பகல் ராத்திரி மாதிரி ஆயிடுச்சு. வட கரோலினாவைச் சேர்ந்த ஹ்யூ ஹாமண்ட் பென்னட்ங்கிற மண் விஞ்ஞானி அதுக்குப் பல வருஷம் முன்னாடி இருந்தே மண்ணு போகுது மண்ணு போகுதுன்னு தொண்டை கிழியக் கத்திட்டு இருந்தவர். அவர் செனட் கமிட்டி முன்னாடி பேசிட்டு இருந்தப்போ மேற்குல கிளம்பின புழுதி வாஷிங்டன் வரைக்கும் வந்து ஜன்னலை இருட்டாக்கிடுச்சு, புயல் வருதுன்னு தெரிஞ்சே அவர் பேச்சை இழுத்துட்டு இருந்தார்னு கூட ஒரு கதை சொல்வாங்க. அந்த ஏப்ரல் 27-ஆம் தேதியே மண் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, விவசாயத் துறைக்குள்ள மண் பாதுகாப்புச் சேவைன்னு ஒரு அமைப்பு உருவாச்சு, பென்னட்தான் தலைவர். 1994-ல அதோட பேர் மாறி இன்னைக்கு என்ஆர்சிஎஸ்-னு சொல்றது அதைத்தான்.

ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி விஸ்கான்சின்ல கூன் வேலி (Coon Valley)ங்கிற பள்ளத்தாக்குல நடந்தது. நாட்டுலயே முதல் நீர்ப்பிடிப்பு மாதிரித் திட்டம், 1933. சரிவான மலைப் பக்கம், மழை பெஞ்சா வயலே பிளந்து ஓடை ஆயிடும். அங்க விவசாயிங்களோட அஞ்சு வருஷ ஒப்பந்தம் போட்டாங்க. சர்க்கார் பக்கம் விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி, வேலை செய்ய சிசிசி முகாம் பசங்க, அதாவது வேலையில்லாத இளைஞர்களுக்காக சர்க்கார் நடத்தின வேலை முகாம். விவசாயி பக்கம் மேல இருந்து கீழ உழாம மேட்டை ஒட்டி வளைச்சு வளைச்சு உழணும், மக்காச்சோளமும் புல்லும் பட்டை பட்டையா மாத்தி மாத்திப் போடணும், செங்குத்தான காட்டுல மாடு விடக் கூடாது. யாரையும் கட்டாயப்படுத்தல, வந்தவங்க வந்தாங்க, பக்கத்து வயல் பச்சையா இருக்கிறதைப் பார்த்து மத்தவங்களும் வந்தாங்க. இன்னைக்கு ஒப்பந்தத்துல இருக்கிற அத்தனை எலும்பும் அன்னைக்கே அங்க இருந்துச்சு.

1937-ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒவ்வொரு மாநில கவர்னருக்கும் கடிதம் எழுதி, உள்ளூர் ஆளுங்களே நடத்துற மண் பாதுகாப்பு மாவட்டங்களுக்குச் சட்டம் போடச் சொன்னார். முதல் மாவட்டம் பென்னட் பொறந்த கவுண்ட்டியிலயே, பிரவுன் க்ரீக். இப்போ நாடு முழுக்க கிட்டத்தட்ட 3,000 இருக்கு. வாஷிங்டன்காரன் வந்து சொன்னா கேக்காத விவசாயி பக்கத்து ஊர் விவசாயி போர்டுல உக்காந்து சொன்னா கேப்பான்ங்கிறதுதான் கணக்கு, அது சரியான கணக்குதான்.

இப்போ இருக்கிற திட்டங்கள்ல பெருசு ஈக்விப், 1996 ஃபார்ம் பில்ல (சில வருஷத்துக்கு ஒரு தடவை போடுற பெரிய விவசாயச் சட்டம்) பழைய நாலு திட்டத்தை ஒண்ணாக்கிக் கொண்டுவந்தது. பெரியவரோட ஃபைல் அதுதான். அதுல எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா கஷ்டம் எல்லாம் இந்த விவரத்துக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

முதல்ல பண்ணைக்கு ஒரு நம்பர் வேணும், அது எஃப்எஸ்ஏ-ங்கிற இன்னொரு பிரிவு கொடுக்கும், நிலம் உன்னோடதா, இல்ல உன் கட்டுப்பாட்டுல இருக்கான்னு காகிதம் காட்டணும். வருமானம் சராசரியா 9 லட்சம் டாலருக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது பொது விதி. அப்புறம் என்ஆர்சிஎஸ் ஆள் நேர்ல வந்து நிலம் முழுக்க நடந்து பார்ப்பார், எங்க மண்ணு அரிக்குது, எங்க தண்ணி கெடுது, மேய்ச்சல் எப்படி இருக்குன்னு ஒரு பிளான் எழுதித் தருவார், இதுக்குக் காசு கிடையாது, உண்மையில திட்டத்துலயே விலைமதிப்பில்லாத பகுதி இதுதான்னு பெரியவர் சொல்றார். பிளான்ல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோட் நம்பர் இருக்கு, வேலி 382, தண்ணித் தொட்டி 614, மாட்டுத் தண்ணிக்குப் பைப்லைன் 516, கரையோர மரம் 391, கவர் கிராப், அதாவது மண்ணை மூடி வைக்கப் போடுற பயிர், 340. அதாவது மாட்டை ஓடையில இருந்து வெளிய எடுக்கிறது ஒரு வேலை இல்ல, நாலு வேலை, வேலியை மட்டும் போட்டா மாடு தண்ணிக்கு எங்க போகும்?

அப்புறம் விண்ணப்பம். வருஷம் முழுக்க வாங்குவாங்க, ஆனா ஒரு கட்-ஆஃப் தேதி வரைக்கும் வந்ததை எல்லாம் ஒண்ணாச் சேத்து மார்க் போட்டு வரிசைப்படுத்துவாங்க, மேல இருந்து பணம் தீர்ற வரைக்கும் கொடுப்பாங்க. கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் ஆகிறதுக்கு முன்னாடி ஒரு கம்பம் நட்டாக்கூட அந்த வேலைக்குப் பணம் கிடையாது. நிறைய பேர் அவசரப்பட்டு வேலையை ஆரம்பிச்சு இதுல மாட்டிக்கிறாங்க, புதுசா யாராவது கேட்டா முதல்ல சொல்ல வேண்டியது இதுதான்.

இப்போ அந்த முக்கால்வாசி. சட்டத்துல இருக்கிறது செலவுல 75% வரைக்கும், ஆனா எந்தச் செலவு? உங்க பில்லு இல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு ரேட் அட்டவணை இருக்கு, வேலி ஒரு அடிக்கு இவ்வளவு, தொட்டி ஒண்ணுக்கு இவ்வளவுன்னு, மதிப்பிட்ட செலவுல இருந்து கணக்குப் போட்டு வச்ச தொகை. ஒரு பேச்சுக்கு அட்டவணைப்படி மொத்த வேலையும் 32,000 டாலர்னு வைங்க, அதுல 75% 24,000. உங்க ஊர்ல கம்பி விலை ஏறி, பாறை இருக்கிற இடத்துல குழி தோண்டி, நிஜமா ஆன செலவு 40,000-னா உங்க பங்கு 16,000. முக்கால்வாசின்னு சொன்னது இப்போ அறுபது சதவீதம் ஆயிடுச்சு. குறைஞ்ச செலவுல முடிச்சா லாபம் உங்களுக்குத்தான், சொந்தமா போஸ்ட் அடிக்கிற மெஷினும் வேலை செய்ய பசங்களும் இருக்கிற வீட்டுல அப்படி மிச்சம் பிடிக்கிறவங்களும் உண்டு.

அதுக்கும் மேல, அந்த 24,000 வேலை முடிஞ்சு அதிகாரி வந்து அளந்து பார்த்து ஸ்பெசிஃபிகேஷன்படி இருக்குன்னு எழுதின அப்புறம்தான் வரும். அது வரைக்கும் 40,000-மும் விவசாயி கையில இருந்து, இல்லாட்டி பேங்க் கடன்ல இருந்து. கறி மாடு வச்சிருக்கிற சின்னப் பண்ணையில வருஷத்துக்கு ஒரு தடவை இலையுதிர் காலத்துல கன்னுக்குட்டி வித்தாத்தான் காசைக் கண்ணால பார்க்கிறது, நடுவுல நாப்பதாயிரம் எங்க இருந்து வரும்? பெரியவர் ஃபைல்ல பேங்க் லோன் காகிதமும் அந்த ஒப்பந்தத்தோட சேத்துக் கிளிப் போட்டுத்தான் இருந்துச்சு. வேலி 20 வருஷம் நிக்கணும், அது வரைக்கும் பராமரிப்பு உங்க பொறுப்பு, ஒப்பந்தத்தை மீறினா வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். வந்த பணம் வருமானக் கணக்குலயும் ஏறும், ஒரு பகுதியை விலக்கிக்க வரிச் சட்டத்துல 126-ஆம் பிரிவுன்னு ஒரு வழி இருக்கு, ஆனா அது தெரிஞ்ச ஆடிட்டர் கிடைக்கணும்.

புது விவசாயி, வருமானம் குறைஞ்சவங்க, முன்னாள் ராணுவத்தினர், காலங்காலமா ஒதுக்கப்பட்ட சமூகத்தினர் இவங்களுக்கு 75 இல்ல, 90% வரைக்கும்னும், குறைஞ்சது பாதித் தொகையை முன்பணமாவே வாங்கிக்கலாம்னும் சட்டத்துல வச்சிருக்காங்க, ஆனா அந்தக் கடைசிப் பிரிவை இனம், பாலினம் பார்த்துக் கணக்குல எடுக்கிறதை விவசாயத் துறை 2025 ஜூலையில நிறுத்திடுச்சு. முன்பணம் வாங்கினா 90 நாளுக்குள்ள அதைச் செலவழிச்சுக் காட்டணும். இது நல்ல திருத்தம், கையில காசு இல்லாதவனுக்கு 75-க்கும் 90-க்கும் இருக்கிற வித்தியாசத்தை விட இந்த முன்பணம்தான் கதவைத் திறக்குது. ஆனா வேலி போடுற கான்ட்ராக்டர் ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவேன்னு சொல்ற ஊர்ல 90 நாளும் ஒரு நெருக்கடிதான்.

மத்த திட்டங்களைச் சுருக்கமாச் சொல்லிடலாம். சிஎஸ்பி-ங்கிறது ஏற்கெனவே நல்லாப் பராமரிக்கிறவங்களுக்கு, இன்னும் ஒரு படி மேல போனா அஞ்சு வருஷம் வருஷா வருஷம் பணம். சிஆர்பி 1985-ல வந்தது, அரிக்கிற நிலத்தை 10-ல இருந்து 15 வருஷம் பயிர் போடாம புல்லா மரமா விட்டுடு, அதுக்கு வாடகை தர்றேன், நடுற செலவுலயும் பாதி வரை தர்றேன்ங்கிறது. 2007-ல அது 3.68 கோடி ஏக்கர் வரைக்கும் போச்சு, அப்புறம் மக்காச்சோளம் விலை ஏறினதும் ஒப்பந்தம் முடிஞ்ச நிலத்தை எல்லாம் திரும்ப உழுதுட்டாங்க. வாடகைக்கு வாங்கின பாதுகாப்பு வாடகை நின்னா போயிடும், அதுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் யாரும் நல்ல பதில் சொல்லல.

காட்டு விஷயம் கொஞ்சம் நின்னு பேச வேண்டியது. அமெரிக்காவோட தெற்குப் பக்கம் காடுன்னா பெரும்பாலும் தனியார் காடு, தாத்தா வாங்கிப் போட்ட நூறு ஏக்கர் இருநூறு ஏக்கர்னு குடும்பங்க கையில இருக்கு. அங்க ஒரு காலத்துல வர்ஜீனியாவுல இருந்து டெக்சாஸ் வரைக்கும் 9 கோடி ஏக்கர் நீள ஊசிப் பைன் காடு இருந்துச்சு, லாங்லீஃப் பைன்னு சொல்வாங்க. வெட்டி, தார் எடுத்து, வேற பைன் நட்டு, கடைசியில 30 லட்சம் ஏக்கர் சுமாருக்கு வந்து நின்னுச்சு. இந்த மரத்தோட வளர்ச்சி பார்க்கவே அதிசயமா இருக்கும். முளைச்சு சில வருஷம் வரைக்கும் புல்லுக் கத்தை மாதிரியே தரையோட இருக்கும், தெரியாதவன் பார்த்தா மரக்கன்னுன்னே சொல்ல மாட்டான், அந்த நேரத்துல அது ஆணிவேரைத்தான் கீழ இறக்கிட்டு இருக்கும். தீ வந்தா ஊசியிலை கருகும், நடுவுல இருக்கிற மொட்டு தப்பிச்சுடும். ஆனா தீயே வரலைன்னா பக்கத்துல முளைக்கிற மத்த மரம் நிழல் போட்டு இதைக் கொன்னுடும். அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நாமளே பார்த்துத் தீ வைக்கணும், காத்து, ஈரப்பதம் பார்த்து, சுத்தித் தீத்தடுப்புக் கோடு வெட்டி, ஆள் நிறுத்தி. இதுக்குச் செலவு ஆகும், மரம் வித்துக் காசு பார்க்கப் பல பத்து வருஷம் ஆகும், பேரன் காலத்து லாபத்துக்குத் தாத்தா இன்னைக்குச் செலவு பண்ணணும். 2010-ல என்ஆர்சிஎஸ் இந்த லாங்லீஃபுக்குன்னே தனி முயற்சி ஆரம்பிச்சு, நடுறதுக்கும் எரிக்கிறதுக்கும் பங்கு கொடுக்குது. இந்தக் காட்டுல வாழுற ரெட்-காக்கேடட்ங்கிற மரங்கொத்தியை 2024 அக்டோபர்ல 'அழியும் நிலை'யில இருந்து ஆபத்து ஒரு படி குறைஞ்ச 'அச்சுறுத்தல் நிலை'க்கு மாத்தினாங்க. அதுக்கு ராணுவ நிலம், அரசுக் காடுன்னு நிறைய கை சேர்ந்து வேலை செஞ்சிருக்கு, தனியார் நிலத்துலயும் மரம் நிக்கிறது அதுல ஒரு கை.

மேற்கே ராஞ்ச் பக்கம், அதாவது பெரிய மேய்ச்சல் பண்ணைங்க இருக்கிற பக்கம், வேற மாதிரி. அங்க செடிக்காட்டுல வாழுற சேஜ் க்ரௌஸ்னு ஒரு பறவை, நம்ம கௌதாரி மாதிரி ஆனா ரொம்பப் பெருசு. புல்வெளியில ஜூனிபர் மரம் அங்கங்க முளைச்சா அதுல கழுகும் காக்காயும் உக்காந்துக்கும், இது அந்தப் பக்கமே வராது. மாட்டுக்கும் ஜூனிபர் ஆகாது, புல்லு கம்மி ஆயிடும். ஆக மரத்தை வெட்ட அரசாங்கம் பங்கு கொடுத்தா ராஞ்ச்காரருக்குப் புல்லு, பறவைக்கு இடம். கம்பி வேலியில பறவை மோதிச் சாகாம இருக்க வெள்ளையா சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டு மாட்டுறதுக்குக் கூடப் பணம் உண்டு. 2010-ல ஆரம்பிச்ச இந்த வேலையும் மாநிலங்களோட வேலையும் சேர்ந்து, 2015 செப்டம்பர்ல அந்தப் பறவையை அழியும் உயிரினப் பட்டியல்ல சேர்க்கத் தேவையில்லன்னு முடிவு வந்துச்சு. பட்டியல்ல சேர்ந்திருந்தா மேய்ச்சலுக்கே கட்டுப்பாடு வந்திருக்கும்னு பயந்துட்டு இருந்தவங்களுக்கு அது பெரிய நிம்மதி.

இவ்வளவு நல்லது சொல்லிட்டேன், வலிக்கிற பக்கத்தையும் சொல்லணும். 2010-ல இருந்து 2020 வரைக்கும் ஈக்விப்புக்கு விண்ணப்பிச்சவங்கள்ல 31% பேருக்குத்தான் ஒப்பந்தம் கிடைச்சிருக்கு, சிஎஸ்பி-ல 42%. விவசாயிங்களுக்கு மண்ணைப் பத்தி அக்கறை இல்லன்னு பேசுறவங்க இந்த நம்பரைப் பார்க்கணும், மூணு பேர் வந்து கதவைத் தட்டினா ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கோம். அதே நேரத்துல பணம் எதுக்குப் போகுதுன்னு பார்த்தா, 1996-ல ஆரம்பிச்சப்போ ஒரு ஆளுக்கு மொத்தம் 50,000 டாலர்தான் உச்சவரம்பு, ரொம்பப் பெரிய கால்நடைக் கொட்டகைகளோட சாணித் தொட்டிக்குப் பணம் கிடையாதுன்னு விதி. 2002 ஃபார்ம் பில்ல அந்த விதியை எடுத்துட்டு உச்சவரம்பை 4,50,000 ஆக்கிட்டாங்க, திட்டப் பணத்துல 60% கால்நடை சம்பந்தப்பட்டதுக்கே போகணும்னும் எழுதினாங்க, 2018-ல அதை 50% ஆக்கினாங்க. ஆயிரக்கணக்குல பன்னி அடைச்சு வளர்க்கிற இடத்தோட சாணிக் குட்டையும் காப்பாத்த வேண்டிய விஷயம்தான், அது உடைஞ்சா ஆறு நாறிடும், ஆனா அவங்க மேல சட்டமே இருக்கு, பேங்க்கும் கடன் கொடுக்கும். அறுபது மாட்டுக்காரர் வரிசையில நிக்கிறப்போ இவங்களுக்குப் பெரிய செக் போறது சரியில்லன்னுதான் நான் நினைக்கிறேன்.

பணம் கொடுத்தும் நோக்கம் தவறிப் போறதும் உண்டு. மேற்கு கான்சாஸ்ல நிலத்தடித் தண்ணி வத்திட்டே வருது, தண்ணியை மிச்சம் பிடிக்கலாம்னு பயிருக்குத் தண்ணி தெளிக்கிற கருவியில சிக்கனமான நாசில் மாத்தப் பங்கு கொடுத்தாங்க. 2014-ல வந்த ஒரு ஆய்வு என்ன சொல்லுதுன்னா மாத்தின அப்புறம் தண்ணி எடுக்கிறது கூடிடுச்சாம். ஏன்னா ஒவ்வொரு ஏக்கருக்கும் தண்ணி கம்மியாப் போதும்னா, மிச்சத் தண்ணியில இன்னும் தண்ணி கேக்குற பயிர் போடலாம், இன்னும் கொஞ்ச நிலம் பாய்ச்சலாம்னு விவசாயி யோசிப்பான், அது தப்பும் இல்ல. கருவிக்குப் பணம் கொடுத்துட்டு எவ்வளவு தண்ணி எடுக்கலாம்னு வரம்பு போடாம விட்டா அப்படித்தான் ஆகும்.

இன்னும் ஒரு பெரிய தடை நிலத்தோட காகிதம். தெற்குல கறுப்பின விவசாயிங்க நிறைய பேரோட நிலம் வாரிசுச் சொத்து, தாத்தா உயில் எழுதாமப் போயிட்டார், அப்புறம் அப்பா, அவங்க அண்ணன் தம்பி, சிகாகோ போனவங்க, செத்துப் போனவங்க பிள்ளைங்கன்னு முப்பது பேர் பங்குக்காரங்க, உழுறது ஒருத்தர். பட்டா பிரிக்காத குடும்பச் சொத்து என்ன பாடு படுத்தும்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. நிலம் என் கட்டுப்பாட்டுலன்னு காட்ட முடியலைன்னா பண்ணை நம்பர் இல்ல, நம்பர் இல்லைன்னா எந்தத் திட்டமும் இல்ல. தலைமுறை தலைமுறையா வெளிய நின்னாங்க. 2018 ஃபார்ம் பில்லதான் வேற ஆவணங்களைக் காட்டி நம்பர் வாங்கலாம்னு வழி விட்டாங்க.

பணம் கம்மிங்கிற குறைக்கு 2022-ல ஒரு பெரிய பதில் வந்துச்சு, பணவீக்கக் குறைப்புச் சட்டத்துல இந்தத் திட்டங்களுக்குன்னு 1,950 கோடி டாலர், ஈக்விப்புக்கு மட்டும் 845 கோடி. வரிசையில நின்னவங்க நிறைய பேருக்குக் கையெழுத்து ஆச்சு. 2025 ஜனவரியில ஆட்சி மாறினதும் அந்தச் சட்டத்துப் பணத்தை அப்படியே நிறுத்தி வச்சாங்க. கையெழுத்துப் போட்டு, வேலையும் முடிச்சு, கடன் வாங்கிக் கம்பி வாங்கினவங்க செக் எப்போ வரும்னு தெரியாம நின்னாங்க. பிப்ரவரி 20-ல விவசாயத் துறை முதல் தவணையா சுமார் 2 கோடி டாலரை விடுவிக்கிறதா அறிவிச்சுது, மொத்தத்தோட பார்த்தா அது எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். அந்த வருஷமே ஆளுங்களும் நிறைய பேர் வேலையை விட்டுப் போனாங்க, நிலத்துல நடந்து பிளான் எழுதுற ஆளு இல்லைன்னா பணம் இருந்தும் என்ன பண்றது. ஜூலை 4-ல வந்த பெரிய பட்ஜெட் சட்டம் மிச்சம் இருந்த பணத்தை ஃபார்ம் பில்லோட நிரந்தரக் கணக்குல சேத்துடுச்சு, காலநிலைக்குப் பயன்படுற வேலைக்குத்தான் செலவழிக்கணும்ங்கிற நிபந்தனையையும் எடுத்துடுச்சு. வருஷா வருஷம் கிடைக்கிற தொகை கூடியிருக்கு, அது நல்லதுதான். ஆனா சர்க்கார் கையெழுத்தை நம்பிக் கடன் வாங்கலாமான்னு ஒரு சந்தேகம் அந்த ரெண்டு மாசத்துல விழுந்துச்சே, அதை எந்தச் சட்டம் எடுக்கும்?

எங்க மாநிலம் இந்த மீதிப் பங்குப் பிரச்சினையை நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கு. வர்ஜீனியாவோட சொந்தத் திட்டத்துல, கரையில இருந்து போதுமான அகலம் விட்டு, நீண்ட காலம் பராமரிக்கிறேன்னு எழுதிக் கொடுத்தா ஓடை வேலிக்கு 100% வரைக்கும் தர்றாங்க. அப்போ எல்லாரும் போட்டுடுவாங்கன்னுதான் நானும் நினைச்சேன்.

பெரியவர் நிலத்துக்கு மேல, ஓடை வர்ற பக்கம் இன்னொரு பண்ணை. அதோட சொந்தக்காரங்க வேற ஊர்ல இருக்காங்க, குத்தகைக்கு எடுத்து மாடு விடுறது ஒரு சின்னப் பையன், முப்பது வயசு கூட இருக்காது, நல்ல உழைப்பாளி. வாய்ப்பேச்சுலதான் குத்தகை, ஒவ்வொரு வருஷமும் புதுசாப் பேசி முடிக்கிறது. பத்துப் பதினஞ்சு வருஷம் பராமரிக்கிறேன்னு அவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான், அடுத்த வருஷம் அந்த நிலம் அவன்கிட்ட இருக்குமான்னே தெரியாதே. சொந்தக்காரங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கான், பதில் வரல. போன வாரம் ராத்திரி நல்ல மழை. காலையில போய்ப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் வேலி, உள்ள புல்லு, குழாய்க்குள்ள மரக்கன்னு எல்லாம் நல்லா நிக்குது, நடுவுல தண்ணி டீ கலர்ல ஓடிட்டு இருக்கு.